கோலிக்குண்டு அளவில் ஒரு கறுப்புக் கல்

டப்பாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோயும் மீட்டர் சும்மா இருந்தது.

அன்வர் பாட்சா இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பிளானோவில் டிசம்பர் மாதம் ஆறு மணிக்கே இருட்டிவிடும். டோல்வே நெரிசலில் ஊர்ந்து, முதுகு விட்டுப்போய் வீடு வந்ததும் அவர் முதலில் செய்வது இதைத்தான். டப்பாவில் இருப்பது போன மாதம் இணையத்தில் வாங்கிய யுரேனியத் தாது, கோலிக்குண்டு அளவில் பளபளவென்று கறுத்த கல். லேசான கதிர்வீச்சுதான், பொடியாக்க மட்டும் கூடாது என்று விற்றவன் எழுதியிருந்தான். கதிர்வீச்சு மீட்டரை நீட்டினால் சடசடக்கும். இரண்டு வயது மகள் நதா அந்தச் சத்தத்தைப் பாப்கார்ன் என்பாள். கேட்டால் அலுப்பு கொஞ்சம் குறையும். வேறென்ன சுகம் இருக்கிறது இந்தப் பிழைப்பில்! மனைவி சாலிஹா ஏசுவாள் என்று கல்லைப் பற்றி வாயே திறக்கவில்லை. மீட்டரை ஆபீஸ் சாமான் என்று சொல்லிவைத்திருந்தார்.

மூடியைத் திறந்தார். பஞ்சு மட்டும் இருந்தது.

"சாலிஹா?"

சுவருக்குள் ஹீட்டர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வீடெங்கும் பன்னீர் வாசம். விளக்குப் போடவும் அலுத்துக்கொண்டு, மீட்டரைப் பிடித்தபடி ஹாலைக் கடந்தார். சோபா அருகே ஒரு டிக். அது எங்கேயும் வருவதுதான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். சமையலறை வாசலில் டிக், டிக். இஞ்சி இடிக்கும் சின்ன உரலிடம் நீட்டியதும் சடசடவென்று பிடித்துக்கொண்டது.

விளக்கைப் போட்டார். உரலுக்குள் கறுப்புத் தூள். பக்கத்தில் சலித்த மெல்லிய துணி.

யா அல்லாஹ்.

படுக்கையறையிலிருந்து சாலிஹாவின் குரல், சந்தோஷமாக.

"வந்துட்டீங்களா மச்சான்? கண்ணுக்குப் போட சுர்மாக் கல் வேணும்னு ஆறு மாசமாக் கேட்டேன். டப்பால வாங்கி வெச்சிட்டு ஒரு வார்த்தை சொல்லலையே! மத்தியானம் பூரா பன்னீர் தெளிச்சு அரைச்சேன், நைசா வந்திருச்சு."

கேட்டாள்தான். ஒவ்வொரு தடவையும் 'சரி, சரி' என்றுவிட்டு மறந்துபோனார்.

"யாருக்குப் போட்டே?"

"மெதுவாப் பேசுங்க. நதா இப்பத்தான் தூங்குச்சு."

கதவைத் தள்ளினார். மங்கலான இரவு விளக்கு மட்டும். டிக், டிக், டிக். சாலிஹா சுர்மாக் குச்சியோடு எழுந்தாள். அவள் கண்கள் கறுத்திருந்தன.

"உங்களுக்கும் எடுத்து வெச்சிருக்கேன். கிட்ட வாங்க."

மீட்டரை அணைக்க வேண்டும். ஆனால் கை தானாகக் கட்டில் பக்கம் போனது.

சடசடசட.

சத்தத்தில் மகள் விழித்துக்கொண்டாள். கறுப்பு வழியும் இரண்டு கண்களையும் முஷ்டியால் கசக்கிக் கசக்கி, அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அத்தா! பாப்கார்ன்!"