அடங்காத துளி

சூட்டை அணைத்த பிறகும் அந்தத் துளி ஆடிக்கொண்டிருந்தது.

அக்கா பொத்தானை மறுபடி பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. சாப்பாட்டு வேளை, ஆய்வுக்கூடத்தில் வேறு யாருமில்லை. திரை இழுத்த ஜன்னல், காய்ந்த உலோகத்தின் வாடை, எங்கோ ஒரு மின்விசிறியின் முனகல், மெல்லிய பச்சை ஒளிக்கீற்று. அதில் இரண்டு சின்னத் தகடுகளுக்கு நடுவே தூண்போல் நின்ற ஒரு துளித் திரவம். மேல்தகடு சூடு, கீழ்த்தகடு குளிர்ச்சி. சூடான பக்கம் திரவத்தின் பரப்பு தளரும், குளிர்ந்த பக்கம் அதை இழுக்கும். உள்ளே, ஓட்டத்தைக் காட்டத் தூவிய தூசிமணிகள் சாதுவாகச் சுற்றிவரும். சூட்டு வித்தியாசம் ஓர் எல்லையைத் தாண்டினால்தான் ஓட்டம் தடுமாறி, இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும்.

அந்த ஆட்டத்துக்காக வருஷக்கணக்காகத் தவம் கிடந்தவள் அக்கா. அதை முதலில் எட்டிப் பிடித்தவள் தங்கை. இந்தக் கூடத்துக்கு நேற்று வந்தவள்! கருவியைத் தொடக் கற்றுக்கொடுத்ததே அக்காதானே.

"என் கண்ணே பட்டுடும் போலிருக்குடி" என்று காலையில் தங்கையிடம் சிரித்துவைத்தாள். வயிறு பற்றி எரிந்தது. சாயங்காலம் இயக்குநர் வருவார். யாருடைய துளி ஆடுகிறதோ அவளுக்கு நிரந்தர வேலை. மற்றவள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதனால்தான் சோப்பு. பரப்பில் ஒரு பொட்டு சோப்பு பட்டால் இழுவை செத்துவிடும். அந்தப் பயத்தில்தான் அங்கே யாரும் கையுறை இல்லாமல் துளியை நெருங்கவே மாட்டார்கள். அவள் வெறும் விரல்நுனியில் சோப்பைத் தொட்டுக்கொண்டு வந்து தங்கையின் துளியில் ஒற்றினாள்.

அடங்கவில்லை. சூட்டையும் அணைத்தாள். ஆட்டம் வேகமெடுத்தது.

விரலைப் பார்த்தாள். நுனியில் ஒட்டியிருந்த ஈரம் மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது. வலப்பக்கம் வந்தது. முந்தானையில் தேய்த்துத் துடைத்தாள். மேஜையில் ஆறிப்போன காபி. அதன்மேல் படிந்த ஆடை இடம் போனது, வலம் வந்தது. எச்சில் விழுங்கினாள். வாய்க்குள்ளும் அதே தாளம்.

"சீ, பிரமை."

கண் கரித்தது. நீர் கோத்தது. வழியவில்லை. ஆடியது.

கதவு திறந்தது. தங்கை.

"சாப்பிட வரலையாக்கா? ஐயோ, ஏன் அழற?"

தங்கை ஓடிவந்து அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். அந்தத் திருப்பலில் துளியைப் படம்பிடிக்கும் கேமராவுக்கு நேராக முகம் வந்தது. கணினித் திரை முழுக்க ஒரே ஒரு கண். கருவிழியின் மேல் தூசிமணிகள். இடம். வலம். இடம்.

தங்கையின் முகம் மலர்ந்தது. பொய்யில்லாத சந்தோஷம்.

"அக்கா! உனக்கும் வந்துடுச்சு! அசையாதே, இன்னும் கொஞ்சம் சூடு ஏத்திப் பாக்கலாம்."

பொத்தான் சொடுக்கும் சத்தம். நெற்றி கொதித்தது. அக்கா இமைகளை இறுக மூடிக்கொண்டாள்.

மூடிய பிறகும் திரை தெரிந்தது. அதில் அந்தக் கண் இமைக்கவே இல்லை. கருவிழி கரைந்து, மணி மணியாகி, இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது.