விருதுக்குப் போன இரண்டு படங்கள்

காலை 8.20. இழுப்பறையின் பூட்டு உடையவில்லை. உள்ளே இருந்த கேமரா மெமரி கார்டு மட்டும் இல்லை.

ஐந்து பேர் வேலை செய்யும் சிறிய விளம்பர நிறுவனம் அது. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பூங்காவைச் சுத்தம் செய்து, 'முன்', 'பின்' என்று இரண்டு படங்களை இணையத்தில் போட்டார்கள். லட்சம் பேர் பார்த்தார்கள். சமூகப் பணி விருதின் இறுதிச் சுற்றுக்குப் பெயர் வந்தது. அசல் படங்கள் அந்தக் கார்டில் மட்டுமே இருந்தன.

9.05. சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். பெண். முதலாளி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"மேடம், புகார் நகல் எப்போ கிடைக்கும்? பன்னிரண்டுக்குள்ள வேணும்."

"முதல்ல என்ன காணோம்னு சொல்லுங்க சார்."

சாவிக்கொத்து இரண்டு. ஒன்று முதலாளியிடம். மற்றது ஆபீஸைத் திறந்து பெருக்கும் அக்காவிடம்.

"எப்போ வந்தீங்க?"

"ஏழரைக்கு. அதுக்கு முன்னாடி பூங்காவுல பெருக்குவேன். அஞ்சரையிலேருந்து ஏழு வரைக்கும்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமையும்தான். குப்பைக்கு லீவு தெரியுமா?"

"கார்டை எடுத்தீங்களா?"

"நகம் அளவு சாமான். அதை வச்சு நான் என்ன செய்ய?" அக்காவின் குரல் இறங்கியது. "இன்னும் மூணு ஆபீஸ்ல பெருக்குறேன் மேடம். திருடின்னு பேர் வந்தா எல்லாம் போச்சு."

அடுத்து, எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடும் புகைப்படக்காரர்.

"படம் எப்போ எடுத்தது?"

"ஏழரைக்கு 'முன்'. ஒன்பதரைக்கு 'பின்'." அவர் நிமிரவில்லை. "சார் அப்படித்தான் எழுதச் சொன்னாரு."

"விருதுக்காரங்க எதுவும் கேட்டாங்களா?"

"நேத்து சாயந்திரம் மெயில். எடுத்த நேரத்தோட அசல் படம் வேணுமாம். இன்னைக்குப் பன்னிரண்டுதான் கடைசி."

10.10. சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு படங்களையும் போனில் பெரிதாக்கினார். ஒரே பெஞ்சு. ஒரே கோணம். 'முன்' படத்தில் பெஞ்சின் நிழல் நடைபாதை ஓரத்தோடு நின்றது. 'பின்' படத்தில் நடைபாதையைத் தாண்டிப் புல்வரை நீண்டிருந்தது.

10.30. எல்லோரையும் கூப்பிட்டார்.

"சார், கார்டு உங்ககிட்டதான் இருக்கு."

"என்ன மேடம், விளையாடுறீங்களா?"

"பொருளைத் தொலைச்சவங்க அது கிடைக்குமான்னு கேப்பாங்க. நீங்க நகல் கிடைக்குமான்னு கேட்டீங்க. கார்டு தொலைஞ்சதுக்கு ஒரு சாட்சிக் காகிதம், அவ்வளவுதான் உங்களுக்கு வேணும்."

"அது வந்து..."

"காலைல நேரம் ஆக ஆக நிழல் குறையணும். உங்க படத்துல வளர்ந்திருக்கு. சுத்தமா இருக்கிற படம்தான் முதல்ல எடுத்தது. அக்கா பெருக்கிட்டுப் போன பூங்கா அது. அப்புறம் நீங்களே குப்பையைக் கொட்டி 'முன்' படம் எடுத்திருக்கீங்க. அசலைக் கொடுத்தா நேரம் காட்டிக் கொடுத்துடும்."

ஒல்லி தலையாட்டினார். முதலாளி பர்ஸிலிருந்து கார்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"திரும்ப அள்ளிடலாம்னுதான் இருந்தோம். டீமுக்குப் பசி."

அக்கா அவரையே பார்த்தார். "மறுநாள் நாலு மூட்டை அள்ளினேன். எந்தப் பாவின்னு திட்டிக்கிட்டே அள்ளினேன். அப்புறம் இங்க வந்து உங்களுக்கு குட்மார்னிங் சொன்னேன்."

அக்காவின் போன் அடித்தது. கேட்டார். "சரிங்க" என்றார்.

"மூணாவது மாடி ஆபீஸ். நாளையிலேருந்து வர வேண்டாமாம்."

சப்-இன்ஸ்பெக்டர் முதலாளி பக்கம் திரும்பினார்.

"எட்டே முக்காலுக்கு ஏரியா ஃபேஸ்புக் குரூப்ல போட்டேன்" என்றார் முதலாளி. "இவங்க படத்தோட. 'கவனமா இருங்க'ன்னு."

"அந்தப் போஸ்ட்டை உடனே எடுங்க."

முதலாளி அதை நீக்கினார். திரையைப் பார்த்தபடி நின்றார்.

"ஆயிரத்து இருநூறு பேர் ஷேர் பண்ணிட்டாங்க மேடம்."

அந்த எண்ணைச் சொல்லும்போது, பழக்க தோஷம், அவர் குரலில் லேசாக ஒரு பெருமை இருந்தது.

அக்காவின் போன் மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை.