பதில் வரக் கூடாத பெயர்

“யாமினி” என்று கூப்பிட்டுப் பார்த்தான். குளியலறையிலிருந்து “ம்” என்று பதில் வந்தது.

குளியலறையில் யாரும் இல்லை. மாமியார் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பெயர் இல்லாத குழந்தை அவன் கண்ணெதிரே தொட்டிலில், விரல்களை இறுக மூடிக்கொண்டு தூங்கியது. சாயங்கால வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டிப் போட்டிருக்க, எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருக்க, அந்தச் சொட்டுகளுக்கு நடுவே வெறுங்கால் ஈரத்தரையில் ஒட்டிப் பிரிகிற சத்தம், ஒரு காலை இழுத்து இழுத்து, கதவு வரை வந்து நின்றது. ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாடை அடித்தது. அதற்கு அடியில் இறைச்சிக் கடைச் சாக்கடையின் வாடை.

கதவைத் திறந்தான். வாளி கவிழ்ந்து கிடந்தது. தண்ணீர் இளஞ்சிவப்பாகச் சுழன்று குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

பயந்திருக்க வேண்டும். ஆனால் பிரசவத்தில் போன மனைவியைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அவனுக்கு எதுவும் உறைப்பதில்லை. சோறு, வெயில், ஆறுதல் சொல்ல வருகிறவர்களின் முகம், எல்லாம் ஒன்றுதான். அந்த “ம்” மட்டும் உறைத்தது. அது அவள் குரல்.

மாமியார் வீட்டில் பெண் பிள்ளைகளுக்கெல்லாம் ய வரிசையில்தான் பெயர். அந்த எழுத்தில் பெயர் கிடைப்பது குதிரைக் கொம்பு. அவன் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை முதலாளி, “ய-வுல பேரு தேடி முடிக்கிறதுக்குள்ள உன் பொண்ணு காலேஜ் போயிடுவாடா” என்று சிரிப்பார். பெயர் கிடைத்தாலும் உடனே வைத்துவிட முடியாது. ஆளில்லாத வீட்டில் நின்று அதை உரக்கக் கூப்பிட வேண்டும். பதில் வராத பெயர்தான் குழந்தைக்கு.

அவனும் மனைவியும் படித்தவர்கள். அதை விளையாட்டாக்கிவிட்டார்கள். அவள் வாயும் வயிறுமாக இருந்த மாதங்களில், அவன் சமையலறையில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவான். அவள் படுக்கையறையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் பதில் கொடுப்பாள். “ம்.” “வந்துட்டேன்.” “என்னய்யா, சும்மா சும்மா கூப்பிடுற?”

குளியலறையில் கேட்ட பதிலோடு இதையும் அவன் சொன்னதும், மாடியிலிருந்து இறங்கி வந்த மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாப் பேருக்குமா பதில் சொன்னா?”

“சும்மா தமாஷுக்கு, அத்தை.”

“தமாஷா? நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேனே! பதில் சொன்னவங்க கூப்பிட்டவங்ககிட்ட வந்தே ஆகணும், மாப்பிள்ளை. உசுரு போனாலும் வந்தே ஆகணும். அதுக்குத்தானே ஆளில்லாத வீட்ல கூப்பிடச் சொன்னது?”

“வரட்டுமே. அவதானே?”

“அவ இல்ல. அறுத்துத் தைச்ச உடம்பு. அதுலேருந்து வலி மட்டுந்தான் எந்திரிச்சு வரும்.”

அவன் காதில் ஏறவில்லை. இன்னொரு தடவை அந்தக் குரல் வேண்டும். அவ்வளவுதான்.

“யவனா.”

“வந்துட்டேன்.”

படுக்கையறைக் கதவில் அவனே பொருத்திய கண்ணாடி இருந்தது. உருவம் தெரியாமல் வெளிச்சம் மட்டும் விடுகிற மங்கல் கண்ணாடி. அதன் பின்னால் வெள்ளையாக ஏதோ எழுந்து நின்றது. நடுவில், வயிறு இருக்கும் உயரத்தில், கறுப்பாக ஒரு பிளவு.

மாமியார் பாய்ந்து தாழ்ப்பாளைப் போட்டார். கண்ணாடி உடைந்தது. அவர் கை முழங்கை வரை உள்ளே இழுக்கப்பட்டது. சாதாரணக் கண்ணாடி, உடைந்தால் கத்தி கத்தியாகத்தான் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். உள்ளே இருந்தது அந்தக் கையை இழுத்தது. விட்டது. மறுபடி இழுத்தது. ரம்பம் போல. அவன் மாமியாரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். கை வெளியே வந்தபோது அதில் இரண்டு விரல்கள் இல்லை.

அறை காலியாக இருந்தது.

அலறல் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டு டாக்ஸிக்காரர், ரத்தம் சொட்டும் கையில் துண்டைச் சுற்றி அவரை வண்டியில் ஏற்றினார். மாமியார் கார்க் கதவை மூட விடவில்லை.

“அவ பதில் சொல்லாத பேரு ஒண்ணாவது மிச்சம் இருக்கா?”

இருந்தது. பிரசவத்துக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது மனைவி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, காதோடு ஒரு பெயர் சொன்னாள். “பொண்ணு பொறந்தா, இது மட்டும் அவளுக்கு. கூப்பிட்டு விளையாடாத.”

அவன் தலையாட்டியதும் மாமியார் சொன்னார்: “போய் அதைக் குழந்தை காதுல சொல்லுங்க. சத்தமா வேணாம். அதுக்கு முன்னாடி அவளத் தூக்கிக்கிட்டு வாசப்படி தாண்டாதீங்க. பேரில்லாத புள்ள கதவில்லாத வீடு, மாப்பிள்ளை. எது வேணா உள்ள போகும்.”

அவன் உள்ளே ஓடி, தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து மார்போடு அணைத்து, மெல்லிய காதுமடலில் உதடு பட, அந்தப் பெயரைச் சொன்னான். அதை இங்கே எழுதுவது நல்லதல்ல. குழந்தை கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது. ஸ்பிரிட் வாடை மெல்லக் கலைந்தது. குழாய்ச் சொட்டு நின்றது. ஆஸ்பத்திரியில் அழாதவன், குழி தோண்டும்போது அழாதவன், குழந்தையின் வயிற்றில் முகத்தைப் புதைத்து விம்மி விம்மி அழுதான்.

அப்போது சமையலறையிலிருந்து யாரோ அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள்.

இனிமையாக. ராகம் போட்டு. தூங்கும் பிள்ளையைப் பால் குடிக்க எழுப்புகிற தாய் போல.

அவள் பதில் சொல்லாத பெயர்தான். ஆனால் அவள் தேர்ந்த பெயர். கூப்பிட அவளுக்கு என்ன தடை? இதை அவன் யோசிக்கவில்லை. மாமியாரும் யோசிக்கவில்லை.

குழந்தையின் தொண்டை அசைந்தது. பிஞ்சு நெஞ்சு, ஒரு பெரிய ஆள் பேசுவதற்கு முன் இழுப்பதுபோல், நீளமாக மூச்சை இழுத்தது. உதடுகள் பிரிந்தன.

பதில் சொன்னால் போயாக வேண்டும்.

அவன் உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினான். மூக்கை விட்டு, வாயை மட்டும். வாசல் பக்கம் ஓடினான். கதவு திறக்கவில்லை. மறுபடி பெயர். இப்போது கூடத்தில். கைக்கு அடியில் உதடுகள் ஒரு சொல்லைத் தேடின.

“வேணாம்டா கண்ணு. பேசாத. அப்பா சொன்னாக் கேளு.”

மறுபடி பெயர். முதுகுக்குப் பின்னால். பிடரியில் ஈர மூச்சு.

பல் முளைக்காத வாய் அது. ஈறுகள் உள்ளங்கையில் வழுக்கின. பிறகு ஏதோ குத்தியது. ஒன்று. அதன் பக்கத்தில் ஒன்று. ஒரு வரிசை. தோல் கிழிந்தது. சதைக்குள் இறங்கியது. எலும்பில் பட்டு உரசியது. சின்ன மோவாயில் ரத்தம் வழிந்து கழுத்து மடிப்பில் தேங்கியது.

அவன் கையை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினான்.

குழந்தை இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு, நிதானமாக மென்றது.