முக்கால் மணி நேரத்தில் இரண்டு தூக்கம்

“உக்காருங்கம்மா” என்று துப்பறிவாளர் மூன்று முறை சொல்லிவிட்டார். வந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைப்பேசியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு, ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

“அப்பாவுக்கு ஞாபகம் தப்பிப்போச்சு, சார். வாலிப வயசுல ஒரு தீவுல கலங்கரை விளக்கத்துல வேலை பார்த்தவர். அதைத் திரும்பப் பார்க்கணும்னு ஒரே பிடிவாதம். வேண்டாம்னேன். ‘பிளேன்ல முக்கால் மணி நேரம், பக்கத்துத் தெரு மாதிரி’ன்னு சொல்லி அண்ணன் காலையில கூட்டிட்டுப் போனான். போய்ச் சேர்ந்தாச்சுங்கறான். அப்பாகிட்ட ஃபோனைக் குடுன்னா மட்டும், தூங்குறார்ங்கறான். அதான் உங்ககிட்ட ஓடி வந்தேன்.”

“கடத்தலா இருக்குமோ?” என்றாள் துப்பறிவாளரின் மனைவி, கண்கள் மின்ன. காரை ஓட்டுவதும் அவசர முடிவுக்கு வருவதும் அவள் பொறுப்பு.

“அண்ணனைக் கூப்பிடுங்க. பயணம் எப்படின்னு மட்டும் கேளுங்க” என்றார் அவர்.

ஸ்பீக்கரில் அண்ணன் குரல் படபடத்தது. “நல்லாத்தான் இருந்துச்சு. ஏறினதும் அப்பா தூங்கிட்டார். சாப்பாடு வந்ததும் எழுப்பினேன். ஆற அமரச் சாப்பிட்டுட்டு இன்னொரு தூக்கம் போட்டார். கண்ணு முழிச்சா தீவு!”

துப்பறிவாளர் கைப்பேசியின் பக்கம் குனிந்தார். “தம்பி, முக்கால் மணி நேரத்துல பிளேன் மேல ஏறவும் கீழ இறங்கவுமே பாதி போயிடும். அதுக்குள்ள ரெண்டு தூக்கம், ஒரு சாப்பாடா? ராத்திரி முழுக்கப் படகுல போறவங்க சொல்ற கதை இது. நீங்க பிளேன்ல ஏறவே இல்ல. அப்பா எங்கே?”

மறுமுனையில் ஒரு விம்மல்.

“டீ வாங்கத் திரும்பினேன்... அவ்வளவுதான். ஏர்போர்ட் முழுக்கச் சல்லடை போட்டாச்சு. போலீஸும் தேடுது. இவகிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்வேன்?”

தங்கை இப்போதுதான் உட்கார்ந்தாள்.

“கடைசியா என்ன பேசினார்?” என்று கேட்டார் துப்பறிவாளர்.

“‘கடலையே காணோம், படகு எங்கடா’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார்.”

“தம்பி, நீங்களும் பழைய படகுத்துறைக்கு வாங்க” என்று எழுந்தார் அவர்.

கார் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று மகளின் உயிரை வாங்கியது. “அந்தத் துறையை மூடி எத்தனையோ வருஷம் ஆச்சே, சார்!”

“நமக்குத்தான் மூடியிருக்கு. அவர் காலத்துல தீவுக்குப் பிளேனே கிடையாது. ஒரு டாக்ஸியை நிறுத்தி ‘படகுத்துறை’ன்னு சொல்றதுக்கு அந்த ஞாபகமே போதும்.”

படகுத்துறையில், துருப்பிடித்த கேட்டின் இடுக்கில் மகள் நுழைந்து ஓடினாள். தண்ணீரோரம், கயிறு கட்டும் இரும்புத் தூணின்மேல், மடியில் பையோடு அப்பா உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

“வாம்மா. படகு வர்ற நேரம். உங்க அண்ணனைத்தான் கூட்டத்துல தொலைச்சுட்டேன். அவன் இல்லாம எப்படி ஏறுவேன்?”

அதற்குள் அண்ணனும் வந்து சேர்ந்தான். ஆனால் கேட்டருகிலேயே நின்றுவிட்டான். வழி நெடுக அவனைத் திட்டச் சேர்த்து வைத்திருந்த சொற்களையெல்லாம் விட்டுவிட்டு, போய் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

“எங்கடா போய்த் தொலைஞ்சே?” என்றார் அப்பா. மகனின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை அந்தப் பிடியை அவர் விடவேயில்லை.