ஐடெல்லாவின் நாடா

ஆலைச் சங்கு ஊதியதும் வெர்னா நெசவு அறைக்குள் நுழைந்தாள். எண்ணெயும் பழைய பஞ்சும் கலந்த வாடை. ஆர்டர் இல்லாமல் நாலு மாதமாக முடங்கிக் கிடந்த ஜன்னலோரத் தறிகள் இன்று முதல் அவளுக்கு.

ஒன்பது வருஷம் அவற்றைப் பார்த்து வயிறெரிந்தவள் அவள். வெளிச்சமும் காற்றும் அங்கே நெய்த ஐடெல்லாவுக்கு. தறி பழுது பார்க்கும் கார்லிஸும் புருஷனாக ஐடெல்லாவுக்கு. நல்லதெல்லாம் ஒருத்திக்கே என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவள் வேறு சும்மா இருப்பாளா! உதட்டுக்குள் அடக்கிய புகையிலைப் பொடியைத் துப்பிவிட்டுச் சிரிப்பாள். "நல்லாப் பாருடி. உனக்குக் கிடைச்சா என் எச்சில்தான் கிடைக்கும்!"

பஞ்சுத் தூசி இருமலில் அவளும் போய்ச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து, கார்லிஸ் வெர்னா வீட்டுக்குச் சாப்பிட வருகிறான்.

தறியில் ஐடெல்லாவின் மரநாடா, ஊடுநூலோடு குறுக்கே ஓடும் படகு போன்ற கட்டை, அப்படியே கிடந்தது. பக்கத்துத் தறி ஹாட்டி பதறினாள்.

"அதைக் கொதிகலன் நெருப்புல போடுடி! செத்தவ வாய் வெச்சது."

"போடி, இது நூலை அறுக்காது. எனக்கு வேணும்."

தறிகள் ஓடத் தொடங்கின. நூல் சுற்றிய தார்க்குச்சியை மாற்றும்போதெல்லாம் நாடாவின் துளையில் வாய் வைத்து நூலை உறிஞ்சி எடுக்க வேண்டும். வட கரோலினா நெசவுக்காரிகள் அதை முத்தம் என்பார்கள். வெர்னா உதட்டைப் பதித்தாள்.

துளை ஈரமாக இருந்தது.

நாலு மாதம் காய்ந்து கிடந்த மரம், வெதுவெதுப்பாக இருந்தது.

வாயெல்லாம் இனிப்புப் பொடியின் ருசி. வெர்னா ஒருநாளும் பொடி போட்டவளில்லை. துப்பினாள், துடைத்தாள், மறுபடி துப்பினாள். ருசி போகவில்லை.

தறிகளின் இரைச்சலில் பேச்சு கேட்காது. அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். ஹாட்டி அவள் வாயையே வெறித்தாள். முகம் வெளுத்தது. கிட்டே வந்து காதோடு கேட்டாள்.

"என்னடி சொல்றே? யாரு புருஷன்?"

"நான் வாயே திறக்கலையே!"

"திறந்தே. 'என் புருஷன், என் புருஷன்'னு சொல்லிட்டே இருந்தே."

அன்றே நாடாவைக் கொதிகலனில் எறிந்தாள் வெர்னா. வாயை உப்புப் போட்டுக் கழுவினாள். செத்தும் விடமாட்டாளா அந்தச் சண்டாளி!

ஞாயிறு வந்தது. சோள ரொட்டியும் அவரைக்காயும் சாப்பிட்டு முடித்ததும் கார்லிஸ் அவள் கையைப் பிடித்தான். ஒன்பது வருஷம் காத்திருந்த முத்தம்.

சட்டென்று நிறுத்தினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நீ எப்போலேர்ந்து பொடி போடறே?"

"போடறதில்லையே, கார்லிஸ்..."

அவன் காதில் விழவில்லை. அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, ஆசை தீர மறுபடி முத்தமிட்டான்.

"ஐடெல்லா," என்றான் மெதுவாக. "என் ஐடெல்லா."

அவனைத் தள்ளிவிட்டு அலற வேண்டும் என்று வெர்னா தவித்தாள். அவள் உதடுகளோ அவளைக் கேட்காமலே சிரித்தன.