அழியாத முதல் வரி

இப்போதெல்லாம் யாருக்கும் ஒரு கம்ப்யூட்டர் போதுவதில்லை; அதன் வயிற்றுக்குள் இன்னொன்றை வளர்த்தால்தான் தூக்கம் வருகிறது. நீரேற்று நிலையத்துப் பெரியவரின் மகளும் மத்தியானம் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பம்பை ஓட்டும் பழைய கம்ப்யூட்டரைப் புதியதற்குள் குடிவைக்கும் வேலை. நிலையத்தின் பின்கட்டுக் கிணற்றில் அவர் மச்சான் இறங்கி வடிகட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பம்ப் ஓடினால் ஆளை இழுத்துவிடும்.

"கம்ப்யூட்டர் எந்த டிஸ்க்லேருந்து முதல்ல எழும்பணும்னு வரிசை போட்டேன்பா. புது டிஸ்க்தான் முதல். ஆனா பழசு தானா மேல வந்து உக்காருது."

"அதை நான்தான் சுத்தியலால உடைச்சேனேம்மா!"

போன வருஷம் கிணற்றில் ஆள் இருக்கும்போதே பம்பைக் கிளப்பியது அந்த டிஸ்க். அந்த ஆள் முழுசாகக் கிடைக்கவில்லை.

"டிஸ்க் போனாலும் பேரு யூஇஎஃப்ஐ பட்டியல்ல, அதான் அந்த எழும்புற வரிசையில, தங்கும்பா. அழிச்சா போயிடும்."

அழித்தாள். கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பினாள். முதல் வரியில் அதே பேர்.

பாசி நாற்றமும் கிரீஸ் வாடையும் கலந்த புழுக்கத்தில், மின்விசிறியின் முனகலுக்கு அடியில், கிணற்றிலிருந்து பிரஷ் தேய்க்கும் சர் சர் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. பெரியவர் காதைக் கொடுத்தார். ஒரு சர்ருக்கு இன்னொரு சர் பதில் சொல்வதுபோல் இருந்தது.

திரை பச்சையானது. பழைய திரை. இல்லாத டிஸ்க்கிலிருந்து எழும்பிவிட்டது.

அதன் நடுவில் ஒரு வரி. கிணற்றில் ஆட்கள்: 2.

பெரியவர் பம்பின் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினார்.

"டேய் மச்சான், ஏறுடா!"

"அவசரப்பட்டு எங்கக்காவக் கட்டினீங்க, சரி. வேலையிலயுமா மாமா?"

"ஏறுடான்னா!"

மச்சான் சொட்டச் சொட்ட ஏறி வந்து அறையில் நின்றார்.

ஆட்கள்: 1.

கீழே சர் சர் நிற்கவில்லை.

மச்சான் கையைத் தூக்கிக் காட்டினார். "மாமா... பிரஷ் என் கையில இருக்கு."

சத்தம் நின்றது. இரும்பு ஏணி அதிர்ந்தது. ஒரு படி. இன்னொரு படி.

ஆட்கள்: 0.

"எண்ணத் தெரியாத மெஷினு," என்று முனகியபடி, மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்வாசலில் இறங்கினார் பெரியவர். மச்சான் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தார். வெயிலில் வெளுத்த சிமென்ட் தரை. அவர்கள் இன்னும் மிதிக்காத தரை. அதில் ஈரக் காலடிகள், ஒன்று, அடுத்து ஒன்று, புதிதாக விழுந்துகொண்டே எதிரிலிருந்த பெரியவர் வீட்டுத் திறந்த கதவுக்குள் நுழைந்தன.

"எவனோ தண்ணியச் சிந்திட்டான்," என்றார் பெரியவர். அதை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தார்.