வெளுத்த பஞ்சு

"மருமகதான் கொன்னுட்டா சார். சாயங்காலத்துக்குள்ள வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டேன்" என்றார் வந்தவர். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் முப்பது வருஷம் மேற்பார்வையாளர். சட்டையில் பேருக்குக்கூடச் சுருக்கம் இல்லை. மனைவி காலமாகி மூன்று மாதம். அந்த அம்மாள் கண்ணும் கருத்துமாக வளர்த்த பதினோரு மீன்களும் நான்கே நாளில் செத்திருந்தன.

"எதை வெச்சு மருமகன்னு சொல்றீங்க?"

"புதன்கிழமை வாளியில எதையோ கொண்டுவந்து தொட்டியில ஊத்தினா. என் கண்ணால பார்த்தேன். கேட்டா வாயே திறக்கலை."

கேட்டவர் சொட்டு சார். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரைச் சோதித்தே ஓய்வு பெற்றவர். அவர் எழுவதற்குள் அவருடைய மைத்துனன் செருப்பை மாட்டிவிட்டான். துப்பு என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

பெரியவர் வீட்டுக் கூடத்தில் மீன்தொட்டி பளபளத்தது. கூழாங்கற்கள் பல்லைக் காட்டிச் சிரித்தன. "தண்ணி இவ்வளவு தெளிவா இருக்கு. விஷமேதான் அத்தான்!" என்றான் மைத்துனன்.

சொட்டு சார் சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து மருந்தைச் சொட்டினார். கரும்பச்சையாக மாறியது. "அமோனியா. மீனோட சொந்தக் கழிவு." வடிகட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சு வெள்ளை வெளேரென்று இருந்தது. பால்கனியில் மெல்லிய துணி மூடிய வாளியில் தண்ணீர். உள் அறையில் மருமகள் வீங்கிய கண்களுடன் பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"மீனெல்லாம் மேல வந்து மூச்சுக்குத் தவிச்சது எப்போ?"

"செவ்வாய்க்கிழமை."

"அப்போ அவங்க ஊத்தறதுக்கு முந்தின நாளே. சரி, தொட்டியைக் கழுவினது யாரு?"

"நான்தான். ஞாயித்துக்கிழமை என் சம்சாரத்தோட பிறந்தநாள். ஒரு நாளாவது கழுவிக் குடுங்கன்னு வருஷக்கணக்கா கேட்டா, நான் காதுல போட்டுக்கவே இல்லை. அதான் கல்லு, பஞ்சு எல்லாத்தையும் ப்ளீச்சிங் போட்டுப் பத்துத் தரம் அலசி, தண்ணி முழுக்க மாத்தினேன். பொட்டு அழுக்கு இருக்காது சார்."

சொட்டு சார் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "அந்த அழுக்குலதான் நுண்ணுயிர் குடியிருக்கும். மீன் கழிவோட விஷத்தை முறிக்கிறது அதுதான். பஞ்சைத் தொட்டித் தண்ணியிலேயே லேசாப் பிழியணும். தண்ணியில கால் பங்குதான் மாத்தணும். உங்க மருமக ஊத்தினது குளோரின் போக ஒரு நாள் வெச்சிருந்த நல்ல தண்ணி. காப்பாத்தப் பார்த்திருக்காங்க."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கலை?" என்றான் மைத்துனன்.

"திறந்தா, கொன்னது இவர்னு சொல்ல வேண்டி வருமே."

கேஸ் முடிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்க வேண்டாம் என்று முதல் தடவையாக மைத்துனனுக்குத் தோன்றியது. பெரியவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மீனில்லாத தொட்டியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் கை வரவில்லை.

"நான் ஊத்தினதாலதான் செத்துச்சுன்னே இருக்கட்டும் மாமா" என்றாள் மருமகள் உள் அறை வாசற்படியிலிருந்து.

பெரியவர் அவளிடம் போனார். அவள் கையிலிருந்த பையை வாங்கிக் கட்டிலில் வைத்து, உள்ளே இருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கண்ணீர் விழுந்து நனையாதபடி தள்ளிப் பிடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, அலமாரியில் திரும்ப அடுக்க ஆரம்பித்தார்.